பத்துக்குப் பதினான்கு ஹாலில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்

வார்ஃப்டேல் டைமண்ட் 12.1, எலாக் டெபியூ பி6.2. இந்த இரண்டில் எதை வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதி அலுத்துவிட்டது. அதனால் ஒரேயடியாக விரிவாகவே எழுதிவிடுகிறேன். இரண்டையும் வருடக்கணக்கில் கேட்டிருக்கிறேன். ஒரு ஜோடி திருவான்மியூரில் என் ஃப்ளாட்டில் இருக்கிறது. இன்னொன்று இப்போது தஞ்சாவூரில் அண்ணன் வீட்டில்.

கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது பட்ஜெட்டை அல்ல. ஹால் எத்தனைக்கு எத்தனை என்பதைத்தான். என் ஹால் பதினான்கு அடி நீளம், பத்து அடி அகலம். கூரையும் பத்து அடி உயரம். தரை முழுக்க டைல்ஸ், மூன்று பக்கம் சுவர், நான்காவது பக்கம் பால்கனிக் கண்ணாடிக் கதவு. சென்னையில் பாதி ஃப்ளாட்டுகள் இப்படித்தான் இருக்கும். இந்த அளவுகள் ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஸ்பீக்கர்கள். வார்ஃப்டேல் 1932இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் தொடங்கிய நிறுவனம். சின்னப் பெட்டி, நியாயமான விலை என்று அவர்களுடைய டைமண்ட் வரிசை எண்பதுகளிலிருந்தே பேர் வாங்கியது. 12.1இல் ஐந்து அங்குல வூஃபர் (கீழ்ஸ்தாயி ஒலிக்கான பெரிய கூம்பு), பின்பக்கம் காற்றுத் துளை, 88 டெசிபல் சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு). எலாக் ஜெர்மனியின் கீல் நகரத்துக் கம்பெனி. பி6.2ஐ வடிவமைத்தவர் ஆண்ட்ரூ ஜோன்ஸ். கெஃப், பயனியர் நிறுவனங்களிலும் வேலை பார்த்தவர். இதில் ஆறரை அங்குல வூஃபர், முன்பக்கத் துளை, 87 டெசிபல், 6 ஓம் மின்தடை. கீழே 44 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 44 அதிர்வு) வரை போகும் என்கிறார்கள். விவரப் பட்டியலை மட்டும் பார்த்தால் எலாக்தான். பெரிய வூஃபர், ஆழமான பேஸ் (கனத்த கீழ் ஒலி), துளையும் முன்னால் இருப்பதால் சுவரோடு ஒட்டி வைக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை நான் ஏற்கவில்லை. தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலி பெட்டிக்கு முன்னால் மட்டும் போவதில்லை, நாலா பக்கமும் பரவுகிறது. துளை எங்கே இருந்தாலும் சுவர் பக்கத்தில் இருந்தால் பேஸ் ஏறும். மூலையில் வைத்தால் இன்னும் ஏறும். பின்பக்கத் துளைக்குக் காற்று போய்வர நான்கைந்து அங்குலம் இடம் விட்டால் போதும், அதற்கு மேல் துளையின் திசை பெரிய வித்தியாசம் செய்வதில்லை. என் ஹாலில் இரண்டு ஜோடியையுமே சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளித்தான் வைக்க வேண்டியிருந்தது.

சரி, அறைக்கு வருவோம். ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 345 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பாதி அலைநீளம் சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறையே கூடச் சேர்ந்து முழங்க ஆரம்பிக்கும். பத்து அடி அகலத்துக்கு அது ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ். கூரையும் பத்து அடி என்பதால் அகலமும் உயரமும் ஒரே இடத்தில் முழங்குகின்றன. பேஸ் கிட்டாரின் மூன்றாம் கம்பியைச் சும்மா மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். எண்பதுகளின் திரைப்பாடல்களில் பேஸ் கிட்டார் எவ்வளவு அழகாக நடந்து போகும் என்று தெரியும்தானே? எலாக்கில் அந்த நடை முழுக்கத் தெரிந்தது, ஆனால் அந்த ஒரு ஸ்வரம் வரும்போது மட்டும் ஹாலே 'பொம்'மென்று நின்று யோசித்தது. தவிலிலும் அப்படித்தான். மிருதங்கத்தின் தொப்பி வீங்கிப்போய், பாடுபவரின் குரல் மேல் ஏறி உட்கார்ந்தது.

கனமான திரை போட்டேன், ஜமுக்காளம் விரித்தேன். கைதட்டினால் வந்த கிணுகிணுப்பு அடங்கியது, குரலும் தெளிந்தது. 57 ஹெர்ட்ஸ் அசையவே இல்லை. ஆறு மீட்டர் நீள அலையைத் துணி என்ன செய்ய முடியும்? சோஃபாவைப் பின்சுவரிலிருந்து முன்னால் இழுத்தது ஓரளவு உதவியது. பிறகு, பாட்டு போடும் ஸ்ட்ரீமரின் ஈக்வலைசரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) அந்த ஓர் இடத்தில் மட்டும் ஐந்து டெசிபல் குறைத்தேன். அதுதான் வேலை செய்தது. ஈக்வலைசரைத் தொடுவதே பாவம் என்று நினைக்கும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் வீட்டு ஹால் பெரிதாக இருக்கும்போல.

வார்ஃப்டேலில் இந்தத் தொல்லை பாதிகூட இல்லை. காரணம் எளிது: அது அவ்வளவு கீழே பலமாகப் போவதில்லை. அறை கொடுக்கும் முழக்கமும் ஸ்பீக்கரில் இல்லாத பேஸும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. குரல் முன்னால் வந்து நிற்கிறது. வீணையின் மீட்டும், கமகத்தின் இழைவும் தனித்தனியாகத் தெரிகின்றன. டிவியையும் இதிலேயே இணைத்திருக்கிறேன். அம்மா கேட்டுவிட்டு, "இதுல பேசறது புரியுதுடா" என்றார். என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய விருது.

அப்புறம் நம் ஊர் சமாச்சாரம், சீலிங் ஃபேன். வெளிநாட்டு விமர்சனங்களில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஃபேனை முழு வேகத்தில் வைத்து ஃபோன் ஆப்பில் பார்த்தால் ஐம்பது டெசிபலைத் தொடுகிறது. தம்புராவின் இழை, பாடகர் மூச்சு வாங்குவது போன்ற நுணுக்கமெல்லாம் அதற்குள்ளேயே முழுகிவிடும். அதனால் 'இந்த ட்வீட்டரில் கடைசி நுணுக்கம் வரை கேட்கிறது' என்று (ட்வீட்டர் என்பது மேல்ஸ்தாயி ஒலிக்கான சின்னக் கூம்பு) படித்துவிட்டு இருமடங்கு செலவு செய்வதற்கு முன், ஃபேனை நிறுத்திவிட்டுப் பாட்டு கேட்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா என்று யோசியுங்கள். எனக்கு மார்கழியில் மட்டும் உண்டு.

தஞ்சாவூர் கதையையும் சொல்லிவிடுகிறேன். எலாக்கை அண்ணன் எடுத்துப் போனார். அது பழைய வீடு, இருபதடிக்கு மேல் நீளமான கூடம், ஒரு பக்கம் முற்றத்துக்குத் திறந்தே கிடக்கும். பேஸ் முழங்கி நிற்க அங்கே எதிர்ச்சுவர் இல்லை. என் ஹாலில் வீங்கித் தெரிந்த அதே ஸ்பீக்கர் அங்கே தவிலை அடித்த அடியாகவே தருகிறது, ஈக்வலைசரே தேவைப்படவில்லை. வார்ஃப்டேலை அங்கே வைத்தால் கொஞ்சம் மெலிந்து போகும் என்றே நினைக்கிறேன்.

ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். 2000 வாட் பிஎம்பிஓ (ஊதிப் பெருக்கிய விளம்பரக் கணக்கு) என்று அட்டையில் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம், பயம் இருக்கத்தான் செய்யும். 87 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் ஏறக்குறைய ஒரு வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் வருகிறது. வீட்டில் கேட்கும் அளவுக்கு நீங்கள் சராசரியாக ஒரு வாட்கூடச் செலவழிப்பதில்லை. வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். நேர்மையான முப்பது, நாற்பது வாட் ஆம்ப் இந்த இரண்டுக்கும் தாராளம்.

ஒயருக்கு நான் போனது ஆடியோ கடைக்கு அல்ல, எலக்ட்ரிக்கல் கடைக்கு. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போதுமானது. ஸ்பீக்கர் ஒயர் என்ற பெயரில் மலிவாக விற்பதில் பாதி, அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். கடலோரத்தில் இருப்பவர்கள் ஒயர் நுனியை வெறுமனே விடாதீர்கள், பச்சை பூத்துவிடும். பனானா ப்ளக் என்ற உலோக முனையைப் போட்டு இறுக்கிவிடுங்கள். பின்பக்கத் துளைக்கு ஒரு மெல்லிய வலைத்துணியும் கட்டுங்கள். ஏன் என்று பல்லி உள்ள வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

ஸ்டாண்ட் பக்கத்து வெல்டிங் பட்டறையில் செய்தது, இரும்புக் குழாய்க்குள் ஆற்றுமணல். ட்வீட்டர் காது மட்டத்துக்கு வர வேண்டும் என்பதுதான் கணக்கு. சோஃபாவில் உட்காருபவருக்கு இருபத்தாறு அங்குலம் சரியாக வரும். பாயில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது அதிகம். யார் அதிகம் கேட்பார் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டு அளவு கொடுங்கள்.

மேஜையும் லேப்டாப்பும் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடே வேண்டாம். எடிஃபையர் ஆர்1280டிபி போல ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஜோடி போதும். நான்கு அங்குல வூஃபர், ப்ளூடூத், ஆப்டிகல் இணைப்பு எல்லாம் அதிலேயே இருக்கின்றன.

பத்துக்குப் பத்திலிருந்து பன்னிரண்டுக்குப் பதினைந்து வரை உள்ள மூடிய அறைக்கு என் ஓட்டு 12.1க்குத்தான். கூடமும் சாப்பாட்டு இடமும் சேர்ந்து திறந்து கிடக்கும் வீட்டுக்கு பி6.2. செகண்ட் ஹேண்டில் வேறு எது கிடைத்தாலும், வூஃபரின் விளிம்பு ஃபோமா ரப்பரா என்று முதலில் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பழைய ஃபோம் விரல் பட்டாலே பொடியாகும். ரப்பர் விளிம்பாக இருந்து, ட்வீட்டரில் நசுங்கல் இல்லாமல் இருந்தால் தைரியமாக வாங்கலாம்.