பாலாடையா, பாட்டிலா?

பிள்ளைக்குப் பவுடர் பால் கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதித் தந்ததும் எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் இரண்டு கட்சி. ஆச்சி பாலாடை (பால் புகட்டும் சங்கு), நான் பாட்டில். இரண்டிலும் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கலக்குவது இரண்டுக்கும் ஒன்றுதான். தாமிரபரணித் தண்ணீர்தானே என்று விட்டுவிடாமல் நன்றாகக் கொதிக்கவைத்து, அரை மணி நேரத்துக்குள், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டிலேயே பவுடரைப் போட வேண்டும். கிருமி பவுடரிலும் இருக்கலாம், அந்தச் சூடுதான் அதைக் கொல்லும். அப்புறம் ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

கழுவ
பாலாடை: ஒரே வளைவு, விரல் எட்டாத மூலையே கிடையாது.
பாட்டில்: கழுத்துத் திருகு, நிப்பிள் ஓட்டை என்று பால் ஒளிந்துகொள்ள இடம் ஏராளம். ஒருநாள் நிப்பிளைப் புரட்டினால் உள்ளே மஞ்சளாக, வழவழவென்று ஒரு படலம். எனக்கு வயிறே கலங்கிவிட்டது. தனி பிரஷ் கட்டாயம்.
கழுவியபின் இரண்டையும் தண்ணீரில் முங்கக் கொதிக்கவிடுங்கள்.

கொடுக்க
பாலாடை: பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்து, உதட்டில் சாய்த்து, அதுவே உறிஞ்ச விட வேண்டும். வாய்க்குள் ஊற்றினால் புரை ஏறும். சிந்தும், நேரமும் ஆகும்.
பாட்டில்: ராத்திரிக்கும் பயணத்துக்கும் எளிது. ஆனால் பழகிவிட்டால் சில பிள்ளைகள் தாய்ப்பாலை மறுக்கும்.

செலவு
எவர்சில்வர் பாலாடை அடுத்த பிள்ளைக்கும் ஆகும். நிப்பிளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் சில வாரங்களுக்கும், தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுப்பவர்களுக்கும் பாலாடைதான். முழுக்கப் பவுடர் பால், வேலைக்கும் போக வேண்டும் என்றால் பாட்டில் சரி. எதில் கொடுத்தாலும் குடித்து மீந்ததைக் கொட்டிவிடுங்கள், அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கவே வேண்டாம்.