பார்கோடு ரீடர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: எனக்கு 4,800 ரூபாய் செலவு வைத்த மூன்று எழுத்து

திருமங்கலத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு மதுரை டவுனில் ஒருவரிடம் பில்லிங் சாப்ட்வேரும் பார்கோடு ரீடரும் சேர்த்து 18,500 ரூபாய்க்கு வாங்கினேன். அவருடைய ஆட்களே வந்து 2,300 சாமானையும் ஒவ்வொன்றாக ரீடரில் காட்டிப் பதிவு செய்து கொடுத்தார்கள். பெரிய உதவி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

போன தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது ரீடர் கீழே விழுந்து போய்விட்டது. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். அவசரத்துக்கு வேறு கடையில் 1,600 ரூபாய்க்குப் புதுசு வாங்கி மாட்டினோம். பீப் சத்தம் வருகிறது, எண்ணும் திரையில் விழுகிறது, ஆனால் எண்ணெய் பாக்கெட், சோப்பு, பிஸ்கட் எதைக் காட்டினாலும் ‘ஐட்டம் இல்லை’ என்றே வந்தது.

சாப்ட்வேர் விற்றவருக்குப் போன் போட்டேன். “அக்கா, எங்க சாப்ட்வேருக்கு எங்க மெஷின் மட்டும்தான் செட் ஆகும். வெளி மெஷினை மாட்டினா டேட்டாவே அழிஞ்சிரும்” என்றார். விலை 4,800. பயந்துபோய் வாங்கிவிட்டேன். வந்த பெட்டி ஏற்கெனவே பிரித்திருந்தது, உள்ளே ஒரு தாள்கூட இல்லை.

பொங்கலுக்கு என் அக்கா மகன் வந்திருந்தான், பாலிடெக்னிக் படிக்கிறவன். நோட்பேடைத் திறந்து ஒரே சோப்பை இரண்டு ரீடரிலும் காட்டினான். 1,600 ரூபாய் ரீடர் 890 என்று தொடங்கும் 13 இலக்கத்தை மட்டும் அடித்தது. 4,800 ரூபாய் ரீடரில் அதே எண்தான், ஆனால் அதற்கு முன்னால் ]ஈ0 என்று மூன்று எழுத்து (ஈ என்பது இங்கிலீஷ் எழுத்து). ஐட்டம் பட்டியலில் அது ரெண்டு வருஷமாக என் கண்ணில் பட்டதுதான். பார்கோடே அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

“சித்தி, ரீடர் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு மாதிரி. எண்ணுக்கு முன்னாடி என்ன சேர்க்கணும், கடைசியில என்டர் அடிக்கணுமா, டேப் அடிக்கணுமா, எல்லாம் ரீடர்லயே செட் பண்றது” என்றான். அந்த மூன்று எழுத்துக்குப் பெயர் எய்ம் ஐடி. படித்தது எந்த வகை பார்கோடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதற்கானது: 13 இலக்கத்துக்கு ]ஈ0, சின்ன பாக்கெட்டில் வரும் 8 இலக்கத்துக்கு ]ஈ4, கோட் 128 என்கிற இன்னொரு வகை என்றால் ]சி0. பல வகைக் கோடுகள் கலந்து வரும் இடத்தில் அதற்கு வேலை உண்டு. பலசரக்குக் கடை பில்லுக்கு எதற்கு? என் சாமானையெல்லாம் அந்த எழுத்தோடு சேர்த்தே பதிந்து வைத்திருந்ததால்தான், வெறும் எண்ணை அனுப்பிய ரீடருக்கு ‘ஐட்டம் இல்லை’ என்று வந்திருக்கிறது.

1,600 ரூபாய் ரீடரின் பெட்டியில் மடித்து வைத்த செட்டிங் தாள் இருந்தது, ரீடரின் செட்டிங்கை மாற்றுகிற பார்கோடுகள் அச்சடித்தது. அதில் எய்ம் ஐடியை அனுப்பச் சொல்லும் பார்கோடை அவன் அந்த ரீடரில் காட்டியதும் என் கடைச் சாமான் முழுக்கப் பில்லில் வந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த மாதிரித் தாளை எடுத்துவிட்டுத்தான் 4,800 ரூபாய் ரீடரை எனக்கு விற்றிருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது அப்போதுதான்.

அன்று ராத்திரியே பட்டியலை எக்ஸலுக்கு இறக்கினோம். ரீப்ளேஸ் போட்டு அந்த எழுத்துகளை அழித்தபோது எண்கள் 8.90ஈ+12 என்று சுருங்கின. சைபரில் தொடங்கிய எண்களில் சைபரே காணவில்லை. நல்லவேளை, காப்பி எடுத்து வைத்திருந்தோம். அப்புறம் மிட் ஃபார்முலாவில் நான்காவது எழுத்திலிருந்து எடுத்து, அந்தக் கட்டங்களை டெக்ஸ்டாகவே வைத்துத் திரும்ப ஏற்றினோம். இப்போது இரண்டு ரீடரிலும் எய்ம் ஐடியை நிறுத்திவிட்டோம், இரண்டுமே ஓடுகின்றன.

புதிதாக வாங்குகிறவர்கள் கடையிலேயே நோட்பேடைத் திறந்து ஒரு சோப்பைக் காட்டிப் பாருங்கள். பாக்கெட்டில் அச்சடித்த எண் மட்டும் வந்து, கர்சர் அடுத்த வரிக்குப் போக வேண்டும். என்டர் செட் பண்ணாமல் இருந்தால் அடுத்த சாமானின் எண் அதே வரியில் ஒட்டி 26 இலக்கமாக நிற்கும். செட்டிங் தாளைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கொடுத்த பணத்தைக் கேட்டுப் பார்த்தேன், போனை எடுப்பதில்லை. போன வாரம் கப்பலூரில் தெரிந்தவர் கடைக்குப் போனபோது அவர் திரையை எட்டிப் பார்த்தேன். அங்கேயும் ஒவ்வொரு சாமானுக்கு முன்னாலும் ]ஈ0.