எரிந்துபோன கணக்கெடுப்பைத் தேடித் தர 60 பவுண்டு: இங்கிலாந்து வம்சாவளி ஆய்வாளர் ஒருவரைப் பற்றிய எச்சரிக்கை

எரிந்து சாம்பலாகிவிட்ட ஆவணத்தைத் தேடிப் பார்த்ததற்காக எங்களிடம் 60 பவுண்டு வாங்கியிருக்கிறார் ஒரு வம்சாவளி ஆய்வாளர். பில்லில் தெளிவாகவே எழுதியிருக்கிறது: ‘1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சிறப்பு அனுமதித் தேடல்’. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்குமான அந்தக் கணக்கெடுப்புத் தாள்கள் 1942 டிசம்பரில் ஹேய்ஸ் என்ற ஊரில் தீப்பிடித்து முழுவதும் அழிந்தன. போர்க்காலம்தான், ஆனாலும் குண்டு விழுந்து எரியவில்லை, வெறும் தீவிபத்து. எரியாமல் இருந்திருந்தாலும் நூறாண்டு மூடிவைக்கும் விதி இருப்பதால் இன்றைக்கு யாருக்கும் அனுமதி கிடைக்காது. இவருக்கு மட்டும் எந்தச் சாம்பலிலிருந்து சிறப்பு அனுமதி கிடைத்ததோ!

என் கணவர் ஆங்கிலேயர். அவருடைய தந்தைவழியினர் நார்ஃபோக் கவுண்டியில் (மாவட்டத்தில்) விவசாயக் கூலிகளாக இருந்தவர்கள் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மாமனாரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு முன்னோர் வரலாற்றைப் பரிசாகக் கொடுக்க நினைத்து இந்த ஆய்வாளரை அமர்த்தினோம். 480 பவுண்டு, முழுவதும் முன்பணம், வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்ப வேண்டும், கிரெடிட் கார்டு ஏற்பதில்லை என்றார். கார்டு ஏன் வேண்டாம் என்பது பின்னால்தான் விளங்கியது. 100 பவுண்டுக்கு மேற்பட்ட ஒன்றைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவின்படி கார்டு கொடுத்த வங்கியிடமே ஈடு கேட்கலாம். நேரடியாக அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அறிக்கை பார்க்க அழகாக இருந்தது. தங்க எழுத்து, தடித்த தாள். 1911 கணக்கெடுப்பிலிருந்து பின்னோக்கி 1851 வரை அதில் இருந்ததெல்லாம் சரிதான். அந்தப் பகுதியில் தவறுவது கடினம். 1851 முதல் ஒவ்வொருவரின் வயது, தொழில், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தார் என்பதெல்லாம் கணக்கெடுப்பில் இருக்கும். 1881 கணக்கெடுப்பைப் பெயர் போட்டு இலவசமாகவே தேடலாம். 1851க்கும் முன்னால் போகும்போதுதான் வழி இருட்டாகிறது. அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. அதற்கு முன்பு, 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் இட்ட ஆணையால் தொடங்கிய தேவாலயப் பதிவேடுகள்தான் கதி. அவற்றிலும் 1813இல் அச்சிட்ட படிவம் வரும்வரை ஞானஸ்நானக் குறிப்பு பெரும்பாலும் ஒரு வரிதான்: பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர். தொழில் இருக்காது, குடியிருப்பு இருக்காது. ஊருக்கு ஊர் வில்லியம், ஜான், தாமஸ். ஏமாற்றுகிறவருக்கு இதைவிட வசதியான இடம் உண்டா?

1851இல் 52 வயது என்று பதிவான வில்லியம் என்ற கூலியாள்தான் என் கணவரின் முன்னோரில் கணக்கெடுப்பில் கிடைத்த மிகப் பழையவர். பிறந்த ஊர் எது என்று அந்தக் கணக்கெடுப்பே சொல்கிறது. ஆய்வாளரோ பன்னிரண்டு மைல் தள்ளி இன்னோர் ஊருக்குப் போய், 1798இல் அங்கே ஞானஸ்நானம் பெற்ற வேறொரு வில்லியமைப் பிடித்துவந்து ஒட்டியிருக்கிறார். அந்தப் பிள்ளையின் தகப்பனார் நிலக்கிழார். அங்கிருந்து கொடிவழி கிடுகிடுவென்று மாளிகைகளுக்குள் ஏறிவிடுகிறது. பிறந்த ஊர் பொருந்தவில்லையே என்று சந்தேகப்பட்ட கணவர், அந்த ஞானஸ்நானம் நடந்த தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டினார். நார்ஃபோக் பதிவேடுகள் பலவற்றின் படங்களை ஃபேமிலிசர்ச் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். நிலக்கிழாரின் மகன் வில்லியம் 1801இல் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறான். மூன்று வயதில் இறந்த குழந்தைக்கு எங்கள் அறிக்கையில் ஒரு மனைவியும் எட்டுப் பிள்ளைகளும்!

உண்மையான வில்லியம் எங்கும் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. கணக்கெடுப்பு சொன்ன ஊரின் பதிவேட்டில், 1799இல், ஜான், மேரி தம்பதியின் மகனாக அங்கேயே இருந்தார்.

இதைத் தெரியாமல் செய்த பிழை என்று விட்டுவிடலாம் என்றால், 1841 கணக்கெடுப்பு குறுக்கே நிற்கிறது. ‘நிலக்கிழாரின் மகன், இன்ன ஊரில் பிறந்தவர்’ என்று 1841இல் பதிவாகியிருப்பதாக அறிக்கை மேற்கோள் காட்டுகிறது. 1841இல் உறவு கேட்கப்படவே இல்லை. பிறந்த ஊரும் கேட்கப்படவில்லை, இதே கவுண்டியில் பிறந்தவரா, இல்லையென்றால் ஸ்காட்லாந்திலோ அயர்லாந்திலோ வெளிநாட்டிலோ பிறந்தவரா என்பது மட்டும்தான். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைக்கூட ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். இல்லாத வரியை மேற்கோள் குறிக்குள் எழுதுவது பிழையில் சேராது.

கூடவே படச்சட்டத்தில் மாட்டிய ஒரு ‘குடும்பக் குலச்சின்னம்’, அதற்குத் தனியாக 45 பவுண்டு. இங்கிலாந்தில் ஒரு குடும்பப் பெயருக்கென்று குலச்சின்னம் கிடையாது. அது தனி மனிதருக்கு வழங்கப்பட்டு, அவருடைய நேர் வாரிசுகளுக்குச் செல்வது. ஒரே பெயர் இருப்பதால் உரிமை வந்துவிடாது. இந்த வியாபாரமும் புதிதில்லை. நூறாண்டுக்கு முன்பே குஸ்தாவ் அன்ஜூ என்பவர் பணக்கார அமெரிக்கர்களுக்குப் பொய் வம்சாவளி எழுதி விற்றே பிழைத்தார்.

நீங்கள் யாரையாவது அமர்த்துவதாக இருந்தால், ஒவ்வொரு தலைமுறைக்கும் மூல ஆவணத்தின் படத்தையும் காப்பக எண்ணையும் கேளுங்கள். 1841, 1851 கணக்கெடுப்பு என்றால் ஹெச்ஓ 107 என்று தொடங்கும் எண், 1881 என்றால் ஆர்ஜி 11. எண் இல்லாத மேற்கோளை ஏற்காதீர்கள். 1837க்கு முற்பட்ட ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும், அந்தக் குழந்தை பிழைத்ததா என்று அடக்கப் பதிவேட்டில் பார்த்தீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். பதிவேடு சிதைந்துவிட்டது என்று சொன்னால், ஆண்டுதோறும் ஆயருக்கு (பிஷப்புக்கு) அனுப்பிய நகலைப் பார்த்தீர்களா என்பது அடுத்த கேள்வி. ஆக்ரா என்ற ஆய்வாளர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவர் பெயர் அதில் இல்லை.

அடக்கப் பதிவேட்டின் படத்தை இணைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். ‘பழைய ஆவணங்கள் பலவிதமாகப் பொருள்கொள்ளத் தக்கவை’ என்று பதில் வந்தது. அறிக்கையைத் திருத்தித் தர 120 பவுண்டு ஆகுமாம். சிறு தொகை வழக்குத் தொடுப்போம் என்று கடிதம் அனுப்பியிருக்கிறோம், அதற்கு இன்னும் பதில் இல்லை.