மினி விப் ஆன்டெனா: மூன்று கோடைக்குப் பிறகு

பாலக்கோட்டு நண்பர் கேட்டார்: "அண்ணா, 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கேட்க மினி விப் வாங்கலாமா, இல்ல லூப்பே சுத்திக்கட்டுமா?" மினி விப் என்பது சின்னத் தகடும் ஒரு பெருக்கியும் அடங்கிய டப்பா ஆன்டெனா; லூப் என்பது சட்டத்தில் சுற்றிய கம்பிச் சுருள். போன வாரம்தான் என் மினி விப் டப்பாவைத் திறந்து, பெருக்கும் வேலை செய்யும் ஜே310 ஃபெட்டை (ஒருவகை டிரான்சிஸ்டர்) மூன்றாவது முறையாக மாற்றினேன். அதனால் பதிலில் கொஞ்சம் கடுப்பு இருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சோப்பு டப்பா அளவு செப்புத் தகடு, 12 வோல்ட், அவ்வளவுதான். தருமபுரியிலிருந்து விஜயநாராயணம் கடற்படை நிலையம் (18.2 கிலோஹெர்ட்ஸ்) சுமார் 415 கி.மீ.; அது துருப்பிடித்த ஆணியில்கூட வரும், அதைப் பெருமையாகச் சொல்ல வேண்டாம். 19.8இல் ஆஸ்திரேலியாவின் நார்த் வெஸ்ட் கேப், ஏறக்குறைய 5,400 கி.மீ. 22.2இல் ஜப்பானின் எபினோ, 5,800 கி.மீ. மூன்றும் ஒரே திரையில், நாள் முழுக்க. லூப்பில் இது கிடைக்காது. நமக்கு ஆஸ்திரேலியா தென்கிழக்கு, ஜப்பான் வடகிழக்கு. லூப்பை ஒன்றுக்கு நேராக வைத்தால் மற்றது படுத்துவிடும்.

இவை நீர்மூழ்கிகளுக்கு அனுப்பும் சேதி எல்லாம் மறைகுறியீடு. நாம் பார்ப்பது பலத்தை மட்டும்: விடியலில் விழும் பள்ளம், பகலில் சூரியத் தீச்சுடர் வந்தால் திடீரென மாறும் கோடு. பெரிய சுடர் என்றாலே பதிவாகும் என்று நினைக்காதீர்கள். 2024 மே 14இன் எக்ஸ்8.7 (எக்ஸ்தான் மிக வலுவான வகை) நமக்கு இரவு 10:21. அந்த நேரத்தில் நம் பக்கம் வெயில் ஏது?

இனி வயிற்றெரிச்சல். இந்த ஆன்டெனாவில் தகடு பாதிதான். மீதிப் பாதி, ரிசீவருக்கு இறங்கும் கோஆக்ஸ் கேபிளின் வெளிக்கூடு (உலோகப் பின்னல்). வீட்டு எர்த்தில் ஓடும் சார்ஜர், எல்இடி, இன்வெர்ட்டர் இரைச்சல் அத்தனையும் அந்தக் கூடு வழியாக ஏறி, சிக்னல் மாதிரியே பெருக்கப்படும். விற்கிறவர் யாரும் இதை வாய் திறந்து சொல்வதில்லை. கூடவே, கேபிளைச் சுற்றினால் இரைச்சல் நிற்கும் என்று ஒரு ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தைத் தலையில் கட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எஃப்டி140-43 வளையத்தில் 12 சுற்று என்றால் 0.13 மில்லிஹென்றி, 20 கிலோஹெர்ட்ஸில் அது வெறும் 16 ஓம். சிற்றலைக்கு அது போதும், இங்கே அலங்காரம்.

வேலை செய்வது, சிக்னலை மட்டும் கடத்தி வீட்டு எர்த்தைப் பிரித்துவைக்கும் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர். எஃப்டி240-75 வளையத்தில் 30:30 சுற்று. இரண்டு சுருளையும் எதிரெதிர்ப் பக்கம் சுற்றுங்கள், மேலே மேலே சுற்றினால் இரைச்சல் கொள்ளளவு வழியாகத் தாவிவிடும். அதை, கேபிள் வழியாக ஆன்டெனாவுக்கு மின்சாரம் ஏற்றும் பெட்டிக்கும் ரிசீவருக்கும் நடுவில் போட வேண்டும். ஆன்டெனா பக்கம் போட்டால் மேலே 12 வோல்ட் போகாது. மின்சாரம் அடாப்டரிலிருந்து வேண்டாம். 7 ஏஎச் பேட்டரி போதும். 50 மில்லிஆம்ப் இழுவைக்கு நாலைந்து நாள் தாங்கும்.

அடுத்தது எர்த். ஆன்டெனா நிற்கும் கம்பத்தடியிலேயே வெளிக்கூட்டை மண்ணில் இறக்க வேண்டும். நம்ம ஊரில் ரெண்டடி அடித்தால் பாறை. போர் கேசிங் பைப் இருக்கிறதே என்று அதில் கட்டிவிடாதீர்கள். மோட்டார் எர்த்தும் அதில்தான் தொங்கும், காசு கொடுத்து இரைச்சலை வாங்கின கதை. உறை இல்லாத செப்புக் கம்பி நாலு, ஆளுக்கு 5 மீட்டர், சொட்டுநீர் ஓடும் பாத்தியில் அரையடி ஆழத்தில் பதியுங்கள். ஈரம் இருக்கும்வரை நல்லாயிருக்கும். கம்பம் 4 மீட்டர், வீட்டிலிருந்து 20 மீட்டராவது தள்ளி. மாந்தோப்புக்குள் நட்டால் வீண். தகட்டைவிட உயரமான பச்சை மரம் மின்புலத்தை மறைத்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ரெண்டு தொல்லை போகாது. ஒன்று, சோலார் பம்பின் கன்ட்ரோலர்: சரியாக நாம் பதிவு செய்யும் பகல் நேரத்தில், சரியாக நம் அலைவரிசையில் கத்தும். தூரம்தான் மருந்து. இன்னொன்று யானைக்குப் போட்ட சோலார் வேலி. நொடிக்கு ஒரு துடிப்பு, திரையில் சீப்புப் பல் மாதிரி கோடு. ஸ்பெக்ட்ரம் லேப் மென்பொருளின் நாய்ஸ் பிளாங்கர் (துடிப்பிரைச்சலை வெட்டும் வசதி) பெரும்பகுதியை வெட்டிவிடும். மழைக்குப் பிறகு புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் தீப்பொறி. அப்போது பிளாங்கரும் கை விரிக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பேசி அடிப்புல்லை அறுக்கச் சொல்லுங்கள். வேலிக்கும் அதுதான் நல்லது, அவரும் மறுக்க மாட்டார்.

ஃபெட் சாவது கோடை இடியால். நேரடி மின்னல் விழவே வேண்டாம், தகட்டில் ஏறும் நிலைமின்னே போதும்; ஃபெட்டின் கேட் முனை தாங்குவது 25 வோல்ட். நியான் பல்பு போட்டால் காப்பாற்றும் என்பார்கள். அது எரியத் தொடங்குவதே 70 வோல்ட்டுக்குப் பக்கத்தில். கோஆக்ஸைக் கழற்றினால் ரிசீவர் பிழைக்கும், ஃபெட் பிழைக்காது. கம்பத்தடியில் கீல் வைத்து, மேற்கே கருத்தால் சாய்த்துவிடுங்கள். டப்பாவை அடைக்கப் புளித்த வாடை வரும் சிலிகான் வேண்டாம், செப்பைத் தின்னும். கேபிள் நுழையும் ஓட்டையை விட்டுவைத்தால் எறும்பு குடியேறும்.

ஆக, மினி விப் வாங்காதீர்கள் தம்பி. ஒரு மீட்டர் சட்டத்தில் 50 சுற்று லூப் சுற்றுங்கள், எர்த் தலைவலி பாதிக்கு மேல் குறையும். என் கம்பத்தில் இருப்பது இருக்கட்டும். அதற்கு ஜே310 வாங்கும்போது அஞ்சாக வாங்கி வைத்திருக்கிறேன்.