ஒரே போர், இரண்டு அகராதி

கிழக்கில் உள்ள மாவிலாற்று மதகை மீட்கப் போவதாகச் சொல்லி 2006-இல் இலங்கை அரசு விடுதலைப் புலிகள் மீது மீண்டும் தொடங்கிய போருக்கு அது வைத்த பெயர் 'மனிதாபிமான நடவடிக்கை'. 1995-இல் ஜனாதிபதி சந்திரிகா காலத்தில் அதே போர் 'சமாதானத்திற்கான போர்'. அரசின் பேச்சில் எதிரி எப்போதும் 'பயங்கரவாதி'. அரசியல் கோரிக்கை என்ற ஒன்று இருந்ததாகவே அதில் காட்டிக்கொள்வதில்லை.

புலிகளின் மொழி வேறு தினுசு. அங்கே எவரும் 'சாவதில்லை', 'வீரச்சாவு' அடைவார்கள். உடல் பிணமல்ல, 'வித்துடல்'. அதைப் புதைப்பதில்லை, விதைப்பார்கள். கல்லறை இருக்கும் இடம் 'துயிலும் இல்லம்'. 1982 நவம்பர் 27-இல் இறந்த, புலிகளின் முதல் போராளியான சங்கரின் நினைவில் அந்தத் தேதியே மாவீரர் நாளானது. சொல்லாக்கத்தில் புலிகளுக்கே கை ஓங்கி இருந்தது என்பேன்; அரசின் சொற்களில் கோப்பு வாசனை அடித்தது.

கடைசி மாதங்களில் வன்னியில் சிக்கியவர்கள் அரசுக்குப் 'பணயக் கைதிகள்'. புலிகளுக்கோ, தங்களோடு விரும்பித் தங்கிய மக்கள். அரசே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் ஷெல் விழுந்ததை முதல் அகராதி மறைத்தது. தப்பி ஓடியவர்கள் மீது புலிகள் சுட்டதை இரண்டாவது.

2009 மே 17-இல் புலிகள் தரப்பு அறிவித்தது தோல்வியை அல்ல, ஆயுதங்களை 'மௌனிக்கச் செய்வதை'. இரண்டு நாள் கழித்து அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச நாடாளுமன்றத்தில், தமிழிலும் சில வாக்கியம் பேசிவிட்டு, இனி சிறுபான்மையினர் என்ற சொல்லே இல்லை, நாட்டை நேசிப்பவர், நேசிக்காதவர் என இரண்டே வகை என்றார்.