டாப் வேரியண்டில் இருப்பதை நாங்களே போட்டுத் தருகிறோம் என்று ஷோரூமில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்

புதுக் கார் புக் செய்யப் போகிறவர்கள், அட்வான்ஸ் கட்டும் முன் இதை ஒரு முறை படித்துவிடுங்கள். எனக்கு 68,500 ரூபாய் போனது. அதைவிட, ஏர்பேக் கோளாறு விளக்கு எரிந்துகொண்டிருந்த காரில் மனைவியையும் நான்கு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு நாள் ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

எனக்கு வேலை சென்னையில், வீடு திருச்சியில். மாதம் இரண்டு முறையாவது போய்வர வேண்டும். ஒரு வழிக்குச் சுமார் 330 கிலோமீட்டர். வலது முழங்காலில் ஏற்கெனவே தொந்தரவு. ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் அழுத்திக்கொண்டிருந்தால் பெரம்பலூர் தாண்டும்போதே கால் கடுக்க ஆரம்பித்துவிடும். அதனால் 2023-ல் கார் பார்க்கப் போனபோது முதலில் கேட்டதே குரூஸ் கண்ட்ரோல்தான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டியை ஒரே வேகத்தில் ஓட வைக்கும் வசதி அது. நான் பார்த்த மாடலில் குரூஸ் டாப் வேரியண்டில் மட்டும் இருந்தது. நடு வேரியண்டைவிட 1,10,000 ரூபாய் அதிகம்.

ஷோரூம் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “டாப்புக்கு நாலு மாசம் வெயிட்டிங் சார். நடு வேரியண்ட் அடுத்த வாரமே டெலிவரி. குரூஸ், ரிவர்ஸ் கேமரா, பெரிய ஸ்க்ரீன், லெதர் சீட் கவர் எல்லாம் நாங்களே போட்டுத் தர்றோம். உங்களுக்கு நாற்பதாயிரம் மிச்சம்.” வாரண்டிக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். “நம்ம ஷோரூம்லயே போடறோம் சார், அப்புறம் என்ன?” என்றார். சரி என்றேன். அதை எழுதி வாங்கவில்லை.

டெலிவரி எடுத்து ஒரு வாரத்தில் மீட்டரில் சிவப்பாக ஏர்பேக் விளக்கு எரிந்தது. போன் செய்தால், “சாஃப்ட்வேர் சார், முதல் சர்வீஸ்ல சரி பண்ணிடலாம்” என்று பதில். நம்பி ஓட்டினேன். விளக்கு எரிய ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி வரும்போது எதிர்த்திசையில் ஒரு பைக் வந்தது. ஹாரனை அழுத்தினேன், சத்தமே வரவில்லை. மறுபடி அழுத்தினேன், இல்லை. பிரேக் அடித்து இடது பக்கம் ஒதுங்கியதால் தப்பித்தோம். பின்னால் லாரி எதுவும் நெருங்கி வராதது எங்கள் நல்ல நேரம்.

மறுநாள் வேறொரு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த மூத்த மெக்கானிக் ஸ்டியரிங்கின் நடு மூடியைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் கிளாக் ஸ்பிரிங் என்று ஒன்று இருக்கிறது. வட்டமான பெட்டிக்குள் ரிப்பன் போன்ற தட்டை ஒயர் சுருண்டிருக்கும். ஸ்டியரிங் திரும்பும்போது அது சுருண்டும் விரிந்தும் கொடுக்கும். ஹாரன், ஸ்டியரிங் பட்டன்கள், டிரைவர் ஏர்பேக் மூன்றுக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. குரூஸ் பட்டன் பொருத்துவதற்காக ஸ்டியரிங்கைக் கழற்றியவர்கள் கிளாக் ஸ்பிரிங்கை நடுநிலை பார்க்காமல் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பியபோது ரிப்பன் அறுந்திருக்கிறது. கீழே பெடல் பக்கம் டார்ச் அடித்தார். ஆக்சிலரேட்டர் ஒயரின் தோலைச் சுரண்டி, வேறு ஒயரை முறுக்கிச் சேர்த்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. வெயிலில் டேப்பின் பசை இளகி ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்தது. “இது கம்பெனி வேலை இல்ல சார். ஒயரை வெட்டினதால இந்தப் பக்கத்துக்கு வாரண்டி கேக்க முடியாது” என்றார்.

ஷோரூமுக்குப் போய்க் கேட்டபோதுதான் பில்லைக் கவனித்தேன். காருக்கு ஒரு பில். 68,500-க்கு வேறொரு கடையின் பெயரில் தனி பில். “ஆக்சசரீஸ் வெளி ஆள் போட்டது, எங்களுக்குச் சம்பந்தம் இல்லை” என்று மேனேஜர் கையை விரித்துவிட்டார்.

அந்தத் தனி பில்லில் ‘சேஃப்டி பேக்’ என்று 14,000 ரூபாய் இருந்தது. ரிவர்ஸ் சென்சார், சீட் பெல்ட் அலாரம், 80 கிலோமீட்டர் தாண்டினால் பீப் அடிக்கும் ஸ்பீடு அலர்ட். இவை மூன்றும் 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் விற்கும் எல்லாக் கார்களிலும் சட்டப்படி இருக்க வேண்டியவை. திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் அதே 2019-ல் கட்டாயமாகிவிட்டது. தொழிற்சாலையிலிருந்தே வந்த பொருளுக்கு என்னிடம் இன்னொரு முறை காசு வாங்கியிருக்கிறார்கள். உங்கள் கொட்டேஷனில் இந்தப் பெயர்கள் இருந்தால் அங்கேயே அடித்து நீக்கச் சொல்லுங்கள்.

சீட் கவர் இன்னொரு கொடுமை. என் காரின் முன் சீட் இரண்டிலும் பக்கவாட்டு ஏர்பேக் உண்டு. சீட்டின் ஓரத்தில் அதற்கென்று சின்னத் துணி அடையாளம் தைத்திருக்கும். விபத்தில் அந்த ஓரத்தைப் பிளந்துகொண்டுதான் அது விரியும். அதன் மேல் தடித்த கவரை இறுக்கித் தைத்துவிட்டார்கள். அன்று இரவே பிளேடால் வெட்டி எடுத்தேன். ஏர்பேக்குக்குத் தோதான தையல் உள்ள கவர்கள் தனியாக வருகின்றன, அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

எது வேண்டும், எது வேண்டாம் என்று பலர் கேட்கிறார்கள். வேரியண்டைத் தேர்ந்தெடுக்கும்போது, பின்னால் பாதுகாப்பாகச் சேர்க்க முடியாததைப் பாருங்கள். ஏர்பேக் எண்ணிக்கை, ஈஎஸ்சி, டிரைவர் சீட்டை உயர்த்தும் வசதி, குரூஸ். மழையில் வண்டி வழுக்கும்போது தடம் மாறாமல் நேராகப் போக உதவும் ஈஎஸ்சி என் காரில் இல்லை. அதை விட்டுவிட்டு ஸ்க்ரீன் அளவைப் பார்த்தது என் தவறு. குரூஸ் நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்கு மட்டும்தான் தேவை. அவர்களும் மழை பெய்யும்போதும், ஊர்களை ஒட்டி ஆட்கள் சாலையைக் கடக்கும் இடங்களிலும் அதை அணைத்துவிட வேண்டும். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கு அதற்காகப் பணம் கட்டத் தேவையில்லை. ரிவர்ஸ் கேமரா நிச்சயம் வேண்டும், வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் அதிகமாக. சன்ரூஃப் நம் சித்திரை வெயிலுக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். அலாய் வீல் அழகுக்குத்தான்.

ஒன்றை யாருமே எனக்குச் சொல்லவில்லை. பின் சீட்டின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். சின்ன இரும்பு வளையம் தட்டுப்படும். ஐசோஃபிக்ஸ். குழந்தை சீட்டை அதில் மாட்டினால் ஆடாமல் நிற்கும். அது என் காரில் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. ‘சேஃப்டி பேக்’ விற்றவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். ஷோரூம் 20,000 ரூபாய் தருவதாகச் சொன்னது, மறுத்துவிட்டேன். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கிறது. பொருளுக்கோ வேலைக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குப் போடக் கட்டணம் இல்லை. நான் ஆதாரமாகக் கொடுத்திருப்பது இரண்டு பில், போனில் வந்த மெசேஜ்கள், டேப் சுற்றிய ஒயரின் படம். உங்களுக்கும் வேறு கடைப் பெயரில் தனி பில் தந்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கிளாக் ஸ்பிரிங்கை என் செலவில் மாற்றி, அவர்கள் போட்ட ஒயரையெல்லாம் பிடுங்கியாயிற்று. விளக்கு அணைந்துவிட்டது. குரூஸ் இல்லை. உளுந்தூர்பேட்டையில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் காலை நீட்டிக்கொண்டுதான் இப்போதும் ஊருக்குப் போகிறேன்.