குளூட்-1 ஆன்டிபாடி: பல லாட் பார்த்த பிறகு

புதுச்சேரியில் எங்கள் லேப்பில் சில வருஷங்களாக ஒரே குளூட்-1 ஆன்டிபாடியைத்தான் (அந்தப் புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்வது) வாங்குகிறோம், முயலில் எடுத்த பாலிகுளோனல், அதாவது பல ஆன்டிபாடிகளின் கலவை. வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை) தாராளமாக வாங்கலாம். உயிருள்ள செல்லில் ஃப்ளோ (செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளிர்வை அளக்கும் முறை) செய்யவா? வேண்டாம்.

குளூட்-1 என்பது குளுக்கோஸைச் செல்லுக்குள் விடும் சவ்வுப் புரதம், 492 அமினோ அமிலம், கணக்குப்படி எடை 54 கிலோடால்டன். ஆனால் பிளாட்டில் பளிச்சென்று ஒரு பேண்ட் (கோடு) வராது, 45-லிருந்து 60 வரை ஒரு தீற்றல்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு ஆன்டிபாடி சரியில்லை என்று குறை சொல்பவர்கள் நிறைய. 45-ஆவது இடத்து அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில் சர்க்கரைச் சங்கிலி தொங்குகிறது, எல்லா மூலக்கூறிலும் அது ஒரே அளவாக இருக்காது, அதனால் வரும் தீற்றல் இது. சந்தேகம் இருந்தால் பி.என்.கேஸ்-எஃப் என்ற நொதியைப் போட்டுச் சர்க்கரையை வெட்டிவிட்டு ஓட்டுங்கள், பேண்ட் கீழே இறங்கி ஒடுங்கிவிடும். தீற்றலுக்குப் பதில் ஜெல்லின் உச்சியிலேயே கறுப்பாகத் தேங்கி நின்றால், சாம்பிளைக் கொதிக்க வைத்தது யார் என்று விசாரியுங்கள். சவ்வை 12 தடவை ஊடுருவும் புரதம், 95 டிகிரியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். 37 டிகிரியில் அரை மணி நேரம் போதும். புதிதாக வரும் ஒவ்வொரு பி.எச்டி. மாணவருக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

ஃப்ளோவுக்கு ஏன் வேண்டாம் என்றால், இது பிடிப்பது புரதத்தின் சி-முனையை (சங்கிலியின் கடைசி நுனியை), அது செல்லுக்கு உள்ளே இருக்கிறது. சவ்வைத் துளைக்காமல் சிக்னல் வராது.

தாக்குப்பிடிப்பதில் குறையே இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இங்கே கரையைக் கடந்தபோது கரண்ட் போய் ஃப்ரீசர் நின்றுவிட்டது, அலிகாட்களை (சிறு குப்பிகளில் பிரித்து வைத்த ஆன்டிபாடியை) ஐஸில் புதைத்து வைத்தோம், அப்புறம் ஓட்டிப் பார்த்ததில் பழைய மாதிரியே வந்தது. பாதி கிளிசராலில் வருவதால் மைனஸ் 20-இலும் உறையாது, அது ஒரு சௌகரியம். எரிச்சல் லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாறும்போதுதான். ஆயிரத்துக்கு ஒன்று என்று கலந்துகொண்டிருந்ததை ஒரு லாட்டில் ஐந்நூறுக்கு ஒன்றாக்க வேண்டி வந்தது, இந்த விலைக்கு அது வயிற்றெரிச்சல். பழைய லாட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்து, புதியதோடு ஒரே பிளாட்டில் ஒப்பிட்டுவிடுங்கள்.

பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு (புரதம் நிச்சயம் இருக்கும் ஒப்பீட்டு சாம்பிளுக்கு) தனியாகச் செலவு வேண்டாம், மனித சிவப்பணுச் சவ்வில் குளூட்-1 கொட்டிக் கிடக்கிறது. சுண்டெலி ரத்தத்தை மட்டும் நம்பாதீர்கள், வளர்ந்த சுண்டெலியின் சிவப்பணுவில் இது இருக்காது. சுண்டெலியில் வேலை செய்பவர்கள் அதன் மூளைத் திசுவை ஓட்டலாம், அங்கே ரத்தக்குழாய்ச் சுவரிலேயே நிறைய உண்டு.